அப்பாவுக்குச் சர்க்கரையால் கிட்னி போயிருந்தால் நமக்கும் வருமா? குடும்பத் தாள் எழுதும் முறை

எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சர்க்கரை. அப்பா கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். வாயைக் கட்டியவர், காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்காமல் கடை திறக்க மாட்டார். பெரியப்பா நேர் எதிர். மாத்திரையை நினைத்தால் போடுவார், ஜாங்கிரி கண்ணில் பட்டால் விட மாட்டார். அறுபதைத் தாண்டியதும் டயாலிசிஸுக்குப் போனது அப்பாதான். பெரியப்பாவுக்குச் சாகும் வரை கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் அது ஏறினால் கிட்னி சரியில்லை என்று அர்த்தம்) ஒன்றைத் தாண்டவில்லை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கும் தம்பிக்கும் இப்போது சர்க்கரை. எங்கள் இரண்டு பேருக்கும் அப்பா வழியா, பெரியப்பா வழியா என்று அடித்துச் சொல்ல இன்றைக்கு எந்தப் பரிசோதனையும் இல்லை. ஆனால் ஓரளவு கணித்து, முன்கூட்டியே காவல் போட முடியும். அதற்கு வேண்டியது ஒரு வெள்ளைத் தாள், வாயைத் திறக்கக்கூடிய நான்கு உறவினர்கள், வருடம் ஒருமுறை காலைச் சிறுநீர்.

முதலில், பரம்பரைக்கு எவ்வளவு பங்கு

சர்க்கரை உள்ள எல்லோருக்கும் கிட்னி கெடுவதில்லை. பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் கெடுகிறது. அந்த மூன்று நான்கு பேர் சில குடும்பங்களில் கும்பலாக இருப்பதை டாக்டர்கள் ரொம்ப நாளாகவே பார்த்து வந்தார்கள். 1989-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் முதல் வகைச் சர்க்கரை (பெரும்பாலும் இளவயதில் வந்து, தொடக்கத்திலிருந்தே இன்சுலின் வேண்டியிருப்பது) உள்ள உடன்பிறப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி கெட்டவர்களுடைய, சர்க்கரை உள்ள அண்ணன் தம்பி அக்கா தங்கைகளில் 83 சதவீதம் பேருக்குக் கிட்னி பாதிப்பின் அடையாளம் இருந்தது. சர்க்கரை இருந்தும் கிட்னி தப்பித்தவர்களுடைய உடன்பிறப்புகளில் 17 சதவீதம்தான். சிறிய ஆய்வு, ஆனாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

அடுத்த வருடம் அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடமிருந்து இன்னொரு கணக்கு வந்தது. அவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு வருகிற வகை, மிக அதிகம். சிறுநீரில் புரதம் போவது கிட்னி கெடுவதன் அடையாளம். சர்க்கரை வந்த பிள்ளைகளில், அப்பா அம்மா இருவருக்கும் சிறுநீரில் புரதம் போகாத வீடுகளில் 14 சதவீதம் பேருக்குப் புரதம் போனது. பெற்றோரில் ஒருவருக்குப் போயிருந்தால் 23, இருவருக்கும் போயிருந்தால் 46. நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. சென்னை ராயபுரத்தில் இருக்கும் சர்க்கரை ஆய்வு மையத்தார் 1999-ல் இரண்டாம் வகைக்காரர்களின் உடன்பிறப்புகளைச் சோதித்தார்கள். கிட்னி கெட்டவரின், சர்க்கரை உள்ள உடன்பிறப்புகளில் பாதிப்பேருக்குப் புரதம் போயிருந்தது. கிட்னி தப்பித்தவர்களின் உடன்பிறப்புகளில் அந்த அளவுக்குப் போனவர் ஒருவரும் இல்லை.

இதையெல்லாம் மரபணுவின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஒரே குடும்பம் என்றால் ஒரே சமையலறை, ஒரே ஊறுகாய் ஜாடி, பிரஷரைக் கண்டுகொள்ளாத அதே பழக்கம். வயிற்றில் இருக்கும்போதே தீர்மானமாகிற விஷயமும் உண்டு. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குக் கிட்னியின் வடிகட்டிகள் எண்ணிக்கையிலேயே குறைவு. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் வந்த பஞ்சத்தின்போது நடுமாதக் கர்ப்பத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளை ஐம்பது வயதில் சோதித்தபோது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போவது கூடுதலாக இருந்தது. ஆகவே குடும்பத் தாள் என்பது மரபணு, சமையலறை, பிறந்த எடை மூன்றும் கலந்த தாள். டாக்டருக்கு அதுதான் தேவை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற வேலை ஆராய்ச்சிக்காரர்களுடையது.

தாளை எழுதுவது

தாளைக் குறுக்குவாட்டில் வையுங்கள். மேல் வரிசையில் தாத்தா பாட்டிகள், நடுவில் அப்பா அம்மாவும் அவர்கள் உடன்பிறந்தவர்களும், கீழே நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும், அதற்கும் கீழே பிள்ளைகள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. எந்த ஊர் மரபியல் டாக்டரும் இதைப் படித்துவிடுவார்.

இங்கே நம் உறவுப் பெயர்கள் காலை வாரும். சித்தி என்றால் அம்மாவின் தங்கையாகவும் இருக்கலாம், சித்தப்பாவின் மனைவியாகவும் இருக்கலாம். முதல் சித்தி உங்கள் ரத்தம், இரண்டாம் சித்தி இல்லை. மாமா, பெரியம்மா எல்லாம் இதே கதைதான். அண்ணன் என்று கூப்பிடுகிறவர் பெரியப்பா மகனாக இருப்பார், கூடப் பிறந்தவர் என்று டாக்டர் குறித்துக்கொள்வார். அதனால் தாளில் முறைப்பெயர் எழுதாதீர்கள். ‘அம்மாவின் தங்கை’, ‘அப்பாவின் அண்ணன் மகன்’ என்று நீட்டி எழுதுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தால் அந்த ஜோடிக்கு நடுவே இரட்டைக் கோடு போட வேண்டும். அக்கா மகளைக் கட்டியது, அத்தை மகனைக் கட்டியது, எல்லாவற்றுக்கும். நம் ஊரில் இதைச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை, கேட்கத்தான் டாக்டர்களுக்கு நேரம் இல்லை. இரண்டு பக்கமிருந்தும் ஒரே கோளாறான மரபணு வந்தால் மட்டும் தலைகாட்டும் கிட்னி நோய்கள் சில உண்டு. சர்க்கரை இருக்கிற ஒரே காரணத்தால் அவை கண்ணில் படாமல் போய்விடும்.

ஒவ்வொரு ஆள் பக்கத்திலும் எழுத வேண்டியவை: சர்க்கரை எந்த வயதில் தெரிந்தது, மாத்திரையா ஊசியா, பிரஷர் எப்போதிலிருந்து, கண்ணில் லேசர் வைத்தார்களா, காது கேட்குமா, கிட்னிப் பிரச்சினை எந்த வயதில், எதனால் இறந்தார். இதில் எல்லோரும் விட்டுவிடுவது வயது. ‘அப்பாவுக்குக் கிட்னி ஃபெயிலியர்’ என்ற வரியால் பெரிய பயன் இல்லை. ‘46-ல் சர்க்கரை, 58-ல் கால் வீக்கம், 61-ல் டயாலிசிஸ்’ என்பதுதான் தகவல். சர்க்கரை தெரிந்ததற்கும் கிட்னி கெட்டதற்கும் நடுவே எத்தனை வருடம் என்பதைத்தான் டாக்டரின் கண் தேடும். இரண்டாம் வகைச் சர்க்கரை தெரிய வருவதற்குள் உடம்பில் சில வருடம் இருந்திருக்கும், ஆகவே கணக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். பரவாயில்லை.

தப்பித்தவர்களையும் எழுதுங்கள். என் தாளில் பெரியப்பா முக்கியமான ஆள். முப்பது வருடத்துக்கு மேல் சர்க்கரை, கிட்னி சுத்தம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் மையம் 1970-லிருந்து, இன்சுலின் போட்டு ஐம்பது வருடம் கடந்தவர்களுக்கு ஒரு பதக்கம் கொடுத்து வருகிறது. அவர்களில் கணிசமானவர்களுக்குக் கிட்னி கெடவே இல்லை என்று தெரிந்ததும், காப்பாற்றுகிற மரபணு எது, புரதம் எது என்று அவர்களையே ஆராயத் தொடங்கினார்கள். நம் குடும்பத்துப் பெரியப்பாக்களுக்குப் பதக்கம் இல்லை, தாளில் ஒரு வரியாவது கொடுக்கலாம்.

வாயைத் திறக்க வைப்பது

“அவருக்குக் கிட்னி நோய் இருந்ததா?” என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். அந்தக் காலத்தில் யாரும் அவர்களிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கேட்டது இப்படி: “அத்தை, தாத்தாவுக்கு முகமும் காலும் வீங்கிச்சா? தண்ணியை டம்ளர்ல அளந்து குடிக்கச் சொன்னாங்களா? ரத்தத்துல உப்பு கூடிப்போச்சுன்னு யாராவது சொன்னாங்களா? சிறுநீர் நுரைச்சுப் போச்சா? படுத்தா மூச்சு வாங்கிச்சா? கடைசில சாப்பாட்டு வாடையே பிடிக்கலையா?” அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆமாடி, இளநி கூடக் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் தடுத்துட்டாரு” என்றார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், பலவீனமான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது என்பதால் நிறுத்தச் சொல்வார்கள். ‘மாரடைப்பு’ என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்த தாத்தாவின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். கிட்னி கெட்டவர்களில் நிறையப் பேரை இறுதியில் கொண்டுபோவது இதயம்தான், அதனால் இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

பழைய ஃபைல்களைத் தேடுங்கள். பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாக டிஸ்சார்ஜ் சம்மரி கிடக்கும். அதில் கிரியாட்டினின் எண்ணும் தேதியும் இருந்தால் போதும், டாக்டர் மீதியைப் புரிந்துகொள்வார். கையெழுத்துப் புரியாவிட்டால் ஒரு போட்டோ எடுத்து மருந்துக்கடைக்காரரிடம் காட்டுங்கள்.

இன்னொரு தடை வரன் பார்க்கிற வீடு. பெண்ணுக்கோ பையனுக்கோ பேச்சு நடக்கும்போது பெரியப்பா வீட்டில் டயாலிசிஸ் என்று வெளியே தெரியக் கூடாது என்பார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதனால் தாளில் பெயர் வேண்டாம், உறவும் வயதும் போதும் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். வாட்ஸாப் குரூப்பில் கேட்காதீர்கள், ஒருவரும் பதில் போட மாட்டார்கள். நேரில் போய், பெண்களிடம் கேளுங்கள். ஆண்களுக்குத் தங்கள் மாத்திரையின் பெயரே தெரியாது.

சர்க்கரையின் மேல் பழி விழுந்த வேறு நோய்

தாளை எழுதி முடித்ததும் இதைத்தான் முதலில் தேட வேண்டும். சர்க்கரை உள்ளவருக்குக் கிட்னி கெட்டால் காரணம் சர்க்கரைதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வரக்கூடிய கிட்னி நோய்கள் இருக்கின்றன.

தாளில் சர்க்கரையே இல்லாத ஒருவருக்கும் கிட்னி கெட்டிருக்கிறதா? நாற்பதுக்கு முன்பே கெட்டிருக்கிறதா? ஸ்கேனில் இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள் என்று யாருக்காவது எழுதியிருந்தார்களா? பி.கே.டி.1, பி.கே.டி.2 என்ற மரபணுக்களால் வரும் நீர்க்கட்டி நோயில் கிட்னி பெரிதாகிவிடும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. நீர்க்கட்டியோ, சிறுத்த கிட்னியோ இளவயதுச் சர்க்கரையோடு சேர்ந்து வந்தால் ஹெச்.என்.எஃப்.1பி என்ற மரபணுவைச் சந்தேகப்படுவார்கள். அங்கே சர்க்கரையும் கிட்னியும் ஒரே வேரிலிருந்து வருகின்றன, ஒன்றால் மற்றது வருவதில்லை.

காதையும் கேளுங்கள். சிறுவயதிலிருந்தே சிறுநீரில் ரத்தம், காது மந்தம், ஆண்களுக்குச் சீக்கிரம் கிட்னி போவது என்றால் ஆல்போர்ட் நோயாக இருக்கலாம். அம்மா, அம்மாவின் உடன்பிறந்தவர்கள், பாட்டி என்று தாய்வழியாகவே சர்க்கரையும் காது மந்தமும் இறங்கி வந்திருந்து, ஆள் ஒல்லியாகவும் இருந்தால் அது மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு மாற்றமாக இருக்கலாம். செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் சிறு பகுதிதான் மைட்டோகாண்ட்ரியா, அது அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். இதிலும் கிட்னி கெடும். காது கேட்குமா என்று தாளில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

கண் பரிசோதனையையும் கூட வைத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் நிறையப் போகிறது, ஆனால் விழித்திரை சுத்தமாக இருக்கிறது என்றால் டாக்டர் ஒருமுறை நின்று யோசிப்பார். இரண்டாம் வகையில் கண் நன்றாக இருந்தும் சர்க்கரையால் கிட்னி கெடுவது உண்டு, ஆகவே இது தீர்ப்பு ஆகாது. ஆனால் சிறுநீரில் ரத்த அணுக்கள், திடீரென்று மளமளவென இறங்கும் கிட்னி, சர்க்கரை வந்து கொஞ்ச காலத்திலேயே கடுமையான புரதம், இவற்றில் ஏதாவது சேர்ந்தால் பயாப்சியோ (கிட்னியில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) மரபணுச் சோதனையோ வேண்டுமா என்று கிட்னி டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். இந்த இடத்தில் மரபணுச் சோதனைக்குச் செலவு செய்வது அர்த்தமுள்ள செலவு.

இரண்டு பரிசோதனை, ஒழுங்காக

இது என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்று, சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம். ஏ.சி.ஆர். என்று சீட்டில் எழுதுவார்கள். குச்சியை முக்கிப் பார்க்கும் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் ஆல்புமின் ‘இல்லை’ என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், ஆரம்பக் கசிவு அந்தக் குச்சிக்குத் தெரியாது. ஆல்புமின் மட்டும் தனியாகப் பார்த்தாலும் போதாது. தண்ணீர் நிறையக் குடித்திருந்தால் எண் குறைந்து காட்டும், கிரியாட்டினினோடு வகுத்தால்தான் அந்தக் குழப்பம் தீரும். சீட்டில் விகிதம் என்று எழுதியிருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கும் டப்பாவில் பிடியுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் கண் சொட்டு மருந்துப் புட்டியிலும் கொண்டுவந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு நாட்களில் கொடுக்காதீர்கள். முந்தின நாள் கடும் உடற்பயிற்சி செய்திருந்தாலும், சர்க்கரையோ பிரஷரோ எகிறிக் கிடந்தாலும் எண் பொய்யாக ஏறும்.

ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சரி. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. அதற்கு மேல் கடுமை. சில கூடங்கள் மில்லிமோலுக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடும், அங்கே 3 என்பது நம்முடைய 30. ஒரே ஒரு தடவை கூடி வந்ததை வைத்து யாரும் முடிவு எடுக்கக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று மாதிரி, அதில் இரண்டு கூடியிருந்தால்தான் கணக்கு. எனக்கு முதலில் 46 வந்தது, மூன்று மாதம் கழித்து 38. இரண்டாவது தாளைப் பார்த்ததும்தான் டாக்டர் மருந்தை மாற்றினார்.

இரண்டு, ரத்தத்தில் கிரியாட்டினின். இந்த எண்ணை அப்படியே படிக்கக் கூடாது, கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகமாக, அதாவது இ.ஜி.எஃப்.ஆர். ஆக மாற்றிப் படிக்க வேண்டும். முப்பது வயது ஆணுக்கு 1.2 என்றால், 2021-ல் வந்த சூத்திரத்தின்படி கிட்னி வேகம் ஏறக்குறைய 83. அதே 1.2 அறுபது வயதுப் பெண்ணுக்கு வந்தால் 52 தான். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட கிட்னி நோய். ஆனால் பல கூடங்களின் சீட்டில் 1.2 என்பது ‘நார்மல்’ வரம்புக்குள்ளேயே அச்சாகி வரும். எத்தனையோ அம்மாக்கள் அந்த அச்சை நம்பி வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். சீட்டில் இ.ஜி.எஃப்.ஆர். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள், வயதும் பாலினமும் போட்டால் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

இரண்டாம் வகை என்றால் சர்க்கரை தெரிந்த அன்றே இந்த இரண்டையும் பார்க்க வேண்டும், பிறகு வருடா வருடம். முதல் வகை என்றால் ஐந்து வருடம் கழிந்ததும் தொடங்கலாம். குடும்பத் தாளில் கிட்னி இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பும் சோதனை

‘உங்கள் மரபணு உங்கள் எதிர்காலம்’ என்று விளம்பரத்தோடு ஒரு பெட்டி வரும். சர்க்கரையால் கிட்னி கெடும் அபாயத்துக்கு இதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரே ஒரு ‘கிட்னி மரபணு’ என்று எதுவும் கிடையாது. ஜப்பானில் 2005-ல் ஈ.எல்.எம்.ஓ.1 என்ற மரபணுவைச் சுட்டினார்கள். ஏ.சி.ஈ. மரபணுவின் ஒரு வடிவம் கொஞ்சம் கெடுதல் என்று பல ஆய்வுகள் சொல்லின, விளைவு சிறியதுதான். 2019-ல் முதல் வகைச் சர்க்கரை உள்ள, ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் தேடியதில் சி.ஓ.எல்.4.ஏ.3 என்ற மரபணு பளிச்சென்று தெரிந்தது. கிட்னி வடிகட்டியின் சவ்வுக்கு வேண்டிய கொலாஜனைச் செய்வது அது. அதன் ஒரு வடிவம் இருப்பவர்களுக்குக் கிட்னி நோய் குறைவாக வந்தது. அதே மரபணு பெரிதாகக் கெட்டால் நான் மேலே சொன்ன ஆல்போர்ட் வரும். ஒரே இடம், ஒரு மாற்றம் காப்பாற்றுகிறது, இன்னொன்று கெடுக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு இது படிக்கப் படிக்கத் தீராத சுவாரசியம். ஆனால் இதை வைத்து உங்கள் மாத்திரை எதுவும் மாறப்போவதில்லை.

2010-ல் கண்டுபிடித்த ஏ.பி.ஓ.எல்.1 கதை வேறு. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் காணப்படும் இதன் வடிவங்கள் தூக்க நோய்க் கிருமியிடமிருந்து காத்தன, பதிலுக்குக் கிட்னியை வாங்கிக்கொண்டன. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் இந்த வடிவம் வந்தவர்களுக்கு, கிட்னி நோய் வந்துவிட்டால், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிட்னியின் வேலை வேகமாக இறங்குகிறது. அமெரிக்காவில் இதைச் சோதிக்கக் காரணம் உண்டு. தஞ்சாவூர்க்காரருக்கு அந்தப் பணம் தண்டம்.

பல மரபணுக்களைக் கூட்டி மதிப்பெண் போடும் முறையும் இருக்கிறது. அந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பியரின் ரத்தத்தை வைத்து உருவானவை, நமக்கு அப்படியே பொருந்தாது. மதிப்பெண் கூடியிருந்தால் டாக்டர் சொல்லப்போவது வருடா வருடம் ஏ.சி.ஆர். பாருங்கள், பிரஷரைக் குறையுங்கள் என்பதுதான். அதைக் குடும்பத் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தாளை டாக்டரிடம் கொண்டுபோவது

அவருக்கு உங்களிடம் செலவழிக்க ஐந்து நிமிடம் இருக்கும். மேலே ஒரே வரி எழுதிக்கொள்ளுங்கள்: ‘அப்பாவுக்கு 46-ல் சர்க்கரை, 61-ல் டயாலிசிஸ். எனக்கு 49-ல் சர்க்கரை. போன ஏ.சி.ஆர். 46, இப்போது 38.’ இந்த வரியைத் தள்ளிவிட்டு அவரால் அடுத்த நோயாளியைக் கூப்பிட முடியாது. அப்புறம் கேளுங்கள்.

பிரஷர் எவ்வளவு இருக்க வேண்டும்? பொதுவாக 130/80-க்குக் கீழே என்பார்கள், சிலருக்கு இன்னும் குறைவாக. ஏ.சி.ஆர். கூடியிருப்பதால் ‘பிரில்’ அல்லது ‘சார்டான்’ என்று முடியும் மாத்திரை எனக்கு வேண்டுமா? எனாலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் எல்லாம் இந்த வகை. பிரஷரைக் குறைப்பதோடு வடிகட்டியின் உள்ளழுத்தத்தையும் குறைப்பவை. தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் பயம் இல்லை, பயந்து தானாக நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், இந்த மாத்திரைகள் குழந்தைக்கு ஆகாது.

அடுத்தது ‘ஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரைகள். சர்க்கரைக்கு வந்த மருந்து, கிட்னிக்குக் கைகொடுத்தது. 2019-ல் கானாக்ளிஃப்ளோசினை வைத்து நடந்த பெரிய சோதனையில் கிட்னி செயலிழப்பு முதலான அபாயங்கள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. டாப்பாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-லும், எம்ப்பாக்ளிஃப்ளோசினுடையது 2025-லும் முடிந்ததால் விலை நன்றாக இறங்கிவிட்டது. பழைய விலையை நினைத்து வேண்டாம் என்று சொன்னவர்கள் மறுபடி விசாரியுங்கள். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி பேதி, ஆபரேஷன், நாள் முழுக்க விரதம் என்றால் இதை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை எண் சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். சஷ்டி விரதக்காரர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஃபினெரெனோன், செமாக்ளுடைட் என்று வேறு மருந்துகளும் வந்துவிட்டன, யாருக்கு எது என்பதை அவர் சொல்லட்டும்.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வேண்டாம். என்ன கலந்தது என்று தெரியாத பஸ்பமும் செந்தூரமும் வேண்டாம், பாதரசமும் ஈயமும் நேராகக் கிட்னியில் போய்த் தங்கும். உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அப்பளமும் ஊறுகாயும் அந்த டீஸ்பூனுக்குள்ளேதான் வர வேண்டும். வாழைத்தண்டு சாறு கிட்னியைச் சுத்தம் செய்யும் என்று யாராவது சொன்னால், இ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருக்கும்வரை குடித்துவிட்டுப் போங்கள், குறைந்தவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் ஏ.சி.ஆர். எங்கே பார்க்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வாசலுக்கு வந்துவிடுவதாலேயே பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கிட்னி கொடுக்கிற பேச்சு வந்தால்

சர்க்கரையால் கிட்னி போன அண்ணனுக்குத் தம்பியோ தங்கையோ கொடுக்க முன்வருவது நம் வீடுகளில் சகஜம். பாசம் சரி. ஆனால் இந்தத் தாளில் மிகவும் ஆபத்தான இடத்தில் நிற்பவரும் அந்த உடன்பிறப்புதான். இன்றைக்குச் சர்க்கரை இல்லாத முப்பது வயதுத் தங்கைக்கு நாளை வரலாம், அப்போது அவளுக்கு ஒரு கிட்னிதான் மிச்சம். மாற்று அறுவை நடக்கும் இடங்களில் சர்க்கரை, பிரஷர், ஏ.சி.ஆர். எல்லாம் சோதிப்பார்கள், இருந்தாலும் தாளை நீங்களே முன்னால் வையுங்கள். முதல் வேட்பாளராக இளையவர்களை நிறுத்துவதை எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. சர்க்கரை இல்லாத, வயதில் மூத்த உறவினர் யாராவது இருந்தால் முதலில் அவரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது மனைவியாகவே முடிந்துவிடுகிறது என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

பிள்ளைகளுக்கு இப்போதே மரபணுச் சோதனை வேண்டாம், மேலே சொன்ன ஒற்றை மரபணு நோய் ஏதாவது உறுதியானால் ஒழிய. வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் பிரஷரும், இடுப்புச் சுற்றளவும். பெண் பிள்ளைக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தால் பிரசவத்தோடு மறந்துவிடாமல் பிறகும் பார்க்க வேண்டும்.

என் தாளில் மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று என் ஃபைலில், ஒன்று பெரியப்பா மகனுக்கு. மூன்றாவதைத் தம்பிக்குக் கொடுத்தேன், அவன் மடித்துக் கடை மேஜை டிராயரில் போட்டுவிட்டான். சிறுநீர் கொடுக்க நேரமில்லையாம். தம்பி மனைவியிடம் டப்பாவைக் கொடுத்து, காலையில் அவன் எழுந்ததும் காபிக்கு முன்னால் கையில் திணிக்கச் சொல்லியிருக்கிறேன்.